மொத்தமாக அழிக்கிற ரீச்சர்

ரீச்சருக்கு ஒரு ஆளோடு கோபம் வந்தால் அது அந்த ஆளோடு நிற்காது. ஆளின் வீடு, வீடு இருக்கிற ஒழுங்கை, ஒழுங்கை போய் ஏறுகிற சந்தி என்று பரவிக்கொண்டே போகும். ஒருமுறை பேக்கரியில் வாங்கிய பணிசுக்குள் ஒரு தலைமயிர் கிடந்தது. அன்றோடு அந்தப் பேக்கரி இல்லை. பக்கத்துச் சைக்கிள் கடையும் இல்லை, அதற்குப் பக்கத்து மருந்துக்கடையும் இல்லை. தலையிடிக்குக் குளிசை வாங்குவதென்றாலும் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு இன்னொரு சந்திக்குப் போவார்.

"மருந்துக்கடைக்காரர் என்ன பாவம் செய்தவர், ரீச்சர்?" என்று கேட்டேன்.

"உந்த வரிசை முழுக்க ஒரே பிளாக்" என்றார்.

எனக்கு இது விளங்கும். ஏனென்றால் நான் அந்த ஸ்கூட்டியின் பின்சீற்றில் வருடக்கணக்காக இருந்தவள். இரண்டு பேருக்கும் நீர்வேலிதான். இரண்டு பேரும் நல்லூரில் ஒரே ரியூசன் நிலையத்தில் படிப்பித்தோம். நான் வணிகம். அவர் இலத்திரனியல், அதிலும் மைக்ரோகொன்ரோலர் என்கிற, விரல் நகமளவு சிப்புக்குள் ஒரு முழுக் கொம்பியூட்டரையே அடக்கி வைத்திருக்கும் சாமானைப் பற்றி. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. அவருடைய குரலுக்கு அந்தத் தட்டி ஒரு பொருட்டேயில்லை. நான் இங்கே சொத்தும் கடனும் சமன் பார்க்கிற ஐந்தொகை கீறிக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள் அங்கே நடக்கிற பாடத்தை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

"பிள்ளையள், வடிவாக் கேளுங்கோ. உந்தச் சிப்புக்குள்ளை இருக்கிற பிளாஷ் நினைவகம் பிளாக் பிளாக்காத்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்திலையும் ஒண்டு, இல்லாட்டிச் சைபர். ஒண்டைச் சைபர் ஆக்கிறது லேசு, ஒவ்வொண்டா ஆக்கலாம். சைபரைத் திருப்பி ஒண்டாக்க ஏலாது. ஆக்கவேணுமெண்டா முழு பிளாக்கையும் அழிக்கோணும். அழிச்சா எல்லாம் ஒண்டாத்தான் வரும். வெறுமை எண்டாச் சைபர் எண்டு ஆர் சொன்னது?"

பிறகு மேசையில் ஒரு தட்டு. "அழிக்கமுந்தி என்ன செய்யோணும்?"

"வாசிச்சு வேறை இடத்திலை எடுத்து வைக்கோணும், ரீச்சர்!" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தம் வரும். இந்தப் பக்கமிருந்தும் வரும். என்னுடைய வணிகப் பிள்ளைகள் ஐந்தொகையைச் சமப்படுத்தத் தெரியாமல் சோதனைக்குப் போனார்கள். பிளாஷ் நினைவகத்தை எப்படி அழிப்பது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

படிப்பித்தது இப்படி. ஆனால் சீவியத்தில் ரீச்சர் அழித்ததுதான் உண்டு, எடுத்து வைத்ததை நான் காணவில்லை. மாணவன் எழுதிய நிரலில் ஒரு வரி பிழைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு "முதலிலையிருந்து எழுது" என்பார். சட்டையில் ஒரு தையல் கோணினால் முழுச்சட்டையையும் பிரிப்பார். குசினி அலுமாரியில் ஒரு கரப்பான் ஓடியதற்காக மல்லித்தூள் உட்பட எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து கொட்டிய பெண்மணி அவர்.

என்னையும் அழித்திருக்கிறார். என் சித்தப்பா ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டும் காணாததுபோலப் போய்விட்டாராம். சித்தப்பாவுக்குக் கண்ணில் வெண்படலம்; கண்டாலும் காணாவிட்டாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அதை யார் போய்ச் சொல்வது? அடுத்தநாள் காலையில் ஸ்கூட்டி என் கேற்றடியில் நிற்காமல் போனது. நான் பஸ்ஸில் தொங்கினேன். ரியூசனில் தட்டிக்கு அந்தப் பக்கம் பாடம் நடந்தது. இந்தப் பக்கம் நான் என்று ஒருத்தி இருக்கவேயில்லை. பிறகு ஒருநாள், காரணம் எதுவும் சொல்லாமல், கேற்றடியில் ஸ்கூட்டிக் கோர்ன் கேட்டது.

"ஏறும். நேரம் போகுது."

சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல்நாள் பழகிய ஆள்போலத் தொடங்கினார். எனக்கு எத்தனை சகோதரம் என்றுகூட மறுபடி கேட்டார்.

பின்சீற்றில் இருந்து நான் கேட்கக்கூடாத எதையும் கேட்டால் ஒரே மறுமொழிதான்: "ஹெல்மெற்றுக்குள்ளாலை கேக்கேல்லை." பெற்றோல் விலையைச் சொன்னால் அதே ஹெல்மெற்றுக்குள்ளால் தெளிவாகக் கேட்கும்.

இவ்வளவும் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. ரீச்சருக்கு உலகத்தில் இருந்த ஒரே உடன்பிறப்பு, சாவகச்சேரியில் கலியாணம் கட்டியிருந்த தங்கச்சி. தாய் தகப்பன் போனபிறகு ரீச்சர்தான் அவளை வளர்த்துப் படிப்பித்து, கட்டியும் கொடுத்தவர். அந்தத் தங்கச்சியை அவர் அழித்துவிட்டிருந்தார்.

நடந்தது இதுதான். தங்கச்சி புதுவீட்டுக்குக் குடிபோன நாள், குடிபூரல். வந்த ஆட்களுக்குத் தங்கச்சியின் புருஷன் ரீச்சரைக் காட்டி, பெருமை என்று நினைத்துக்கொண்டு ஒரு வசனம் விட்டார்: "உவதான் எங்கடை மச்சாள். ரேடியோ ஏதும் பழுதெண்டாக் குடுங்கோ, திருத்தித் தருவா."

ரேடியோ! சிப்புக்குள் கொம்பியூட்டர் வைத்திருக்கிற மனிசியை! ரீச்சர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். மச்சான் அழிந்தார். மச்சானின் தாய், சகோதரிகள், பிறகு தங்கச்சி, தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டும். கடைசியில் சாவகச்சேரி முழுக்க. அந்த ஊர்ப் பலாப்பழம் என்று தெரிந்தால் யார் வீட்டிலும் ஒரு சுளை தொடமாட்டார். கொழும்புக்குப் பஸ்ஸில் போகும்போது, சாவகச்சேரி கண்ணில் படாமலிருக்க, கைதடி தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, "கொடிகாமம் வந்தாச் சொல்லும்" என்பார். பாவம், இடையில் நித்திரையாவதுமில்லை. இமை துடித்துக்கொண்டேயிருக்கும்.

ஒருநாள் நல்லூரில் சீலைக்கடை வாசலில் தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவோடை வாறனீங்கள் நீங்கள்தானே? ஒருக்காச் சொல்லுங்கோ. எங்களுக்குக் கனடா விசா வந்திட்டுது. குடும்பத்தோடை போறம். அம்மன் கோயில் திருவிழா முடிய வெளிக்கிடுறம். போனா எப்ப வருவமோ தெரியாது." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "போன் எடுத்தா வெட்டிறா. வாசலுக்குப் போனாக் கதவைச் சாத்திறா. நான் என்ன செய்தனான்? ரேடியோ எண்டு சொன்னது அவர்தானே?"

அன்று பின்னேரம் கோப்பாய் தாண்டும்போது ரீச்சருக்குச் சொன்னேன். விசா, கனடா, திருவிழா முடிய. ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"ஹெல்மெற்றுக்குள்ளாலை கேக்கேல்லை" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஹெல்மெற்றில் ஒரு குட்டுப் போட்டிருக்கலாம். விழுவது நானும்தானே என்று விட்டுவிட்டேன்.

இனி அம்மன் கோயிலுக்கு வரவேண்டும். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற சின்னக் கோயில்தான். ஆனால் எங்களூரில் கோயில் சின்னதாய் இருந்தால் நிர்வாகசபை பெரிதாய் இருக்கும். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அந்த உபயகாரர் பெயர் வாசலுக்கு மேலே சிவப்பு எல்.ஈ.டி பலகையில் ஓடும். பலகையைச் செய்து கொடுத்தவர் ரீச்சர். தமிழ் எழுத்து அந்தச் சிப்புக்குப் பிடிபடாது என்பதால் ஒவ்வொரு பெயரையும் புள்ளிப் படமாக உள்ளே வைத்திருந்தார். புள்ளி எரிந்தால் ஒன்று, அணைந்தால் சைபர். எல்லாப் பெயரும் ஒரே பிளாக்கில்.

ஐந்தாம் திருவிழா ரீச்சரின் தகப்பனாருடையது. தங்கச்சி குடும்பம் அதை எடுத்துச் செய்தது. ஆகவே பலகையில் மச்சானின் பெயரும் தங்கச்சியின் பெயரும், கூடவே சாவகச்சேரியும். அதெல்லாம் குடிபூரலுக்கு முந்தி எழுதினது.

முந்தின வருடம் ஐந்தாம் திருவிழாவன்று, பூசை முடிய ஐயர் காளாஞ்சித் தட்டத்தோடு வந்தார். அந்த மரியாதை முதலில் உபயகாரருக்குத்தான். ஆனால் நிர்வாகசபைத் தலைவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டார். ஐயர் அவரைத் தாண்டிப் போய் மச்சானின் கையில் கொடுத்தார். தலைவரின் கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலைமயிரைக் கோதியது. ஆனால் சனம் கண்டுவிட்டது.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு முன்னர் தலைவர் ரீச்சரைத் தேடி வந்தார். தங்கச்சி வீட்டோடு ரீச்சருக்குக் கதைபேச்சு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் முகத்தில் பழத்தட்டோடு வந்த ஆளின் சிரிப்பு. நானும் முற்றத்தில் நின்றேன்.

"பிள்ளை, உந்த அஞ்சாம் திருவிழாக்காரன்ரை பேரை மட்டும் தூக்கிவிடு. வெளியூரான் வந்து எங்கடை கோயிலிலை எழுப்பம் காட்டுறான்."

"மட்டும் எண்டு ஒண்டு இல்லை, ஐயா. உது பிளாஷ் நினைவகம். அழிச்சா எல்லாம் அழியும்."

"என்ரை பேருமோ?"

"ஓம். உங்கடை பேரும்."

தலைவர் யோசித்தார். நாங்கள் சீப்போடு வாழைப்பழம் விற்கிற ஊர் என்பதால் ரீச்சர் அதை வைத்தே விளங்கப்படுத்தினார்: ஒரு பழம் அழுகினாலும் சீப்பையே வெட்டி எறியவேணும்.

"பிறகு மற்றப் பேருகளைத் திருப்பிப் போடலாம்தானே?"

"வரிசையைச் சொன்னியள் எண்டாப் போடலாம்."

"உடனை அழி" என்றார் தலைவர். ரீச்சர் மடிக்கணினியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வயரைக் கொளுவி, கண் மூடித் திறப்பதற்குள் அழித்தார்.

நான் வணிகம் படிப்பிக்கிறவள்தான். ஆனாலும் பலகைத் தட்டிக்குப் பக்கத்தில் இருந்தவள். ஒன்றைச் சைபர் ஆக்குவது லேசு, ஒவ்வொன்றாய் ஆக்கலாம். அப்படியென்றால் மச்சானின் பெயரில் எரிகிற புள்ளிகளை மட்டும் அணைத்து அந்த ஒரு பெயரை இருட்டாக்கியிருக்கலாம். எதையும் அழிக்கத் தேவையேயில்லை. ரீச்சர் தலைவருக்குச் சுத்தப் பொய் சொல்லியிருந்தார்.

"ஏன் ரீச்சர்?" என்றேன், ஸ்கூட்டி கிளம்பியதும்.

"ஹெல்மெற்றுக்குள்ளாலை கேக்கேல்லை."

வரிசையைச் சொல்லத்தான் சபை கூடியது. அழியும்வரைக்கும் அந்த வரிசையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அழிந்ததும் எல்லோருக்கும் ஞானம் வந்துவிட்டது. தேர்த் திருவிழாக்காரர் தன் பெயர் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்றார். தேருக்கு முதல்நாள் சப்பறத் திருவிழாக்காரர், சப்பறம் இல்லாமல் தேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒருவர் பெயருக்கு முன்னால் "ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்" வேண்டும் என்றார். உப அதிபராகத்தானே ஓய்வு பெற்றீர் என்று இன்னொருவர் நினைவுபடுத்தினார். அகரவரிசையில் போடுவோம் என்று யாரோ சொல்ல, அ-வில் பெயர் தொடங்கியவர்கள் எல்லாம் உடனே கைதூக்கினார்கள். லண்டனிலிருந்து ஒரு உபயகாரர் போனில் வந்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி எல்லோரையும் பேசினார். கூட்டம் கலைந்தபோது இரண்டு கதிரையின் கால் உடைந்திருந்தது. வரிசை மட்டும் வரவில்லை.

கொடியேற்றமன்று நேரமாகிவிட்டது என்று தலைவர் வெற்றுப் பலகையைப் போடச் சொன்னார். சுவிச்சைப் போட்டார்கள். அழித்தால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும் என்று ரீச்சர் கத்திக் கத்திப் படிப்பித்தது என் வணிகப் பிள்ளைகளுக்குத் தெரியும், நிர்வாகசபைக்குத் தெரியாது. ஒரு எழுத்தும் இல்லாமல், ஒரு புள்ளி விடாமல், பலகை முழுவதும் செக்கச்செவேலென்று எரிந்தது.

கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. பிறகு ஒரு அன்ரி, "அம்மாளாச்சி!" என்று கத்திக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். சனம் முழுக்கக் கை கூப்பியது. ஒருவர் வாசலில் கற்பூரம் கொளுத்தினார். ஒலிபெருக்கியில் நின்றவருக்கு உரு வந்துவிட்டது: "பெயருமற்று உருவமுமற்று அம்பாள் சோதி வடிவாய்க் காட்சி தருகின்றாள்!" நேரடி ஒளிபரப்புக்காரன் கமராவை ஐயரிலிருந்து பலகைக்குத் திருப்பினான்.

ரீச்சரைப் பேசுவதற்கென்று வாயைத் திறந்துகொண்டு வந்த தலைவர் பாதிவழியில் திரும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். "பேர் வேண்டாம், புகழ் வேண்டாம் என்று இம்முறை நிர்வாகம் ஏகமனதாகத் தீர்மானித்தது" என்றார். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று தன் பெயரை இரண்டு தரம் சொன்னார்.

நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குள் வைத்துக்கொண்டு ரீச்சரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் திருவிழா வந்தது. அன்றும் பலகையில் சோதிதான். பூசை முடிந்து சனம் சுண்டலுக்குப் போனபிறகு, பலகைக்குக் கீழே தங்கச்சி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ரீச்சர் வயரைச் சரிசெய்கிற சாட்டில் கிட்டப் போனார். நான் பின்னால் குறடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கடை பேரை எடுத்துப்போட்டாய் எண்டு சொல்லிச்சினம், அக்கா."

"எல்லாற்றை பேரையும்தான் எடுத்தது."

"ஏன்?"

ரீச்சர் வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்ரையை மட்டும் எடுக்கச் சொன்னாங்கள்."

தங்கச்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அக்காவின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். ரீச்சர் கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு அவளுடைய தலையைத் தடவினார். எனக்கும் அழுகை வந்தது. குறட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவரோடையும் ஒருக்காக் கதை, அக்கா. பைப்படியிலை நிக்கிறார். கிட்ட வரப் பயப்பிடுறார்."

ரீச்சர் பைப்படிப் பக்கம் பார்க்கவில்லை. "அழிக்கிறதுதான் மொத்தமா. எழுதுறது ஒண்டொண்டாத்தான். இண்டைக்கு நீ."

திருவிழா முடிந்த மறுநாள் பலகையில் பெயர்கள் ஓடின. பழைய வரிசை, ஒரு எழுத்து மாறவில்லை. ஐந்தாம் திருவிழாவில் மச்சான், தங்கச்சி, சாவகச்சேரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அழிக்கமுந்தியே எடுத்து வைத்திருக்கிறார், கள்ளி! தலைவர் அந்தப் பெயரைக் கண்டு வாயைத் திறந்தார். திறந்தால் மறுபடி கூட்டம் போடவேண்டும் என்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மூடிக்கொண்டு உள்ளே போனார்.

தங்கச்சி குடும்பம் வெளிக்கிடுகிற நாளன்று காலையில் கேற்றடியில் கோர்ன் கேட்டது.

"ஏறும்."

"எங்கை?"

"சாவகச்சேரிக்கு."

கோப்பாயால் திரும்பிக் கைதடி வீதியில் ஏறியதும் எனக்கு ஒரு பயம் பிடித்தது. "ரீச்சர், கைதடி தாண்டினதும் கண்ணை மூடிப்போடாதையுங்கோ. இண்டைக்கு ஸ்கூட்டி ஓடுறது நீங்கள்" என்றேன். ஹெல்மெற் குலுங்கியது. சிரித்திருக்கவேண்டும்.

வீட்டு வாசலில் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக் கொஞ்சினார். தங்கச்சியின் மாமியாரிடம் சுகம் கேட்டார். தங்கச்சியைக் கட்டிக்கொண்டு நின்றார், விடவேயில்லை. மச்சான் எந்தப் பக்கம் வந்தாலும் ரீச்சர் மற்றப் பக்கம் திரும்பினார். அந்த மனிசன் ஒரே பெட்டியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வான் இரைந்தது. முன்சீற்றிலிருந்து மச்சான் தலையை வெளியே நீட்டினார்.

"மச்சாள், போயிட்டு வாறம்."

ரீச்சர் வானின் ரயரைப் பார்த்தார். தங்கச்சி பின் கண்ணாடியால் பார்த்தாள்.

"அங்கை ரேடியோ ஏதும் பழுதாப்போனா" என்றார் ரீச்சர், ரயருக்குச் சொல்வதுபோல, "வீடியோவிலை காட்டுங்கோ. எப்பிடித் திருத்திறதெண்டு சொல்லித்தாறன்."

மச்சான் "ஓம் மச்சாள், ஓம் ஓம்" என்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். வான் ஒழுங்கையைக் கடந்து கண்டி வீதியில் ஏறி மறைந்தது.

திரும்புகிற வழியில் ரீச்சர் சந்தையடியில் ஸ்கூட்டியை நிறுத்தினார். உள்ளதில் பெரிய பலாப்பழமாகத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து, "மடியிலை வைச்சிரும்" என்று என்னிடம் தந்தார். நீர்வேலி வரைக்கும் அந்த முள்ளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் இருக்கவேண்டும்.

கைதடி தாண்டிக் கடல்நீரேரிக் காற்றுக்குள் வந்தபோது முன்னாலிருந்த தோள் இரண்டும் குலுங்கின. முதலில் ரோட்டு மேடுபள்ளம் என்று நினைத்தேன். ரோட்டு நல்ல ரோட்டு.

"ரீச்சர், அழுகிறீங்களோ?"

"ஹெல்மெற்றுக்குள்ளாலை கேக்கேல்லை."